ஐடெல் மேல் விழுந்த பாட்டு

அந்தப் பாட்டை எழுதியது ஐடெல்தான். வாரக் கடைசியில் நடன அரங்குகளில் பாடப் போகும் அவள் கணவன் வெர்லன், ஞாயிறு விடிந்த பிறகு வேறொருத்தியின் வாசனையோடு வந்து படுப்பான். யாரிடமும் சொல்லி அழ முடியாததை அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, மாவுப்பைக் காகிதத்தில் எழுதினாள்.

வெர்லன் அதை நாஷ்வில் நகரத்துக்குக் கொண்டுபோய்ப் பாடிக் காட்டினான். அங்கே இசைத்தட்டு வெளியிடும் புரூயிட்டுக்குப் பாட்டு பிடித்துப்போயிற்று. "ஆனா இப்பல்லாம் ஆம்பளை பாடினாத்தான் ஓடுது வெர்லன். 'அவன்'னு வர்ற எடத்துல எல்லாம் 'அவ'ன்னு போட்டுடு, வேலை முடிஞ்சுது" என்றார். ஒரு பென்சில் கோட்டில் குற்றவாளி மாறி, புருஷன் இருந்த இடத்தில் பெண்டாட்டி வந்து நின்றாள்.

வெர்லன் வீட்டுக்கு வந்து கெஞ்சினான். "வெறும் பாட்டுதானே ஐடெல், அதைப் போய் யாரு நம்புவா?" அவளும் தலையாட்டினாள். பின்னால் அதற்காக எத்தனையோ முறை தன்னையே திட்டிக்கொண்டாள்.

1953 மார்ச்சில் இசைத்தட்டு வெளிவந்தது. ஊர் உணவுக்கடையில், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் காலையிலிருந்து அதே பாட்டுதான். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அழுகிறவன் சொந்த வீட்டுக் கதையைத்தான் பாடுவான் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் சத்தியமாக நம்புவார்கள். ஐடெல்லும் அந்த ஊர்க்காரிதான். மற்றவர்கள் பாட்டை அவளும் அப்படித்தான் கேட்டு, முகம் தெரியாத பெண்களைச் சபித்திருக்கிறாள்.

மூன்றாவது வாரம் போதகரின் மனைவி திருமதி ஸ்டாலிங்ஸ் வாசலில் வந்து நின்றாள். "கொஞ்ச நாளைக்கு நீ சர்ச்சுல பியானோ வாசிக்க வேண்டாம்மா. ஜனங்க ஒரு மாதிரி பேசுறாங்க." பதினொரு வருடமாக வாசித்த பியானோ. அந்த ஊரில் ஐடெல்லுக்கு இருந்த மரியாதை எல்லாம் அதன் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்ததுதான்.

அவள் வெர்லனைப் பிடித்து உலுக்கினாள். "சனிக்கிழமை ரேடியோவுல பேசப் போறியே, அது கட்டுக்கதைன்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் வண்டவாளத்தைச் சொல்லச் சொல்லலை. என் பேரை மட்டும் காப்பாத்திக் குடு, போதும்."

"சத்தியமா சொல்றேன்" என்றான்.

சனிக்கிழமை மதியம் அவள் ரேடியோவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அறிவிப்பாளர் கேட்டார்: "ஊரே கேக்குது வெர்லன், இது நெசமா நடந்த கதையா?"

அந்த உத்தமனின் குரல் தழுதழுத்தது. "ஒவ்வொரு வரியும் என் வீட்டுல நடந்ததுதாங்க. ஆனா நான் அவளை மன்னிச்சுட்டேன்."

மறுநாள் தேவாலயத்தில் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவன் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். பாவி, தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டான். பக்கத்தில் நின்ற ஐடெல்லின் முகத்தை ஒருத்தியும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெர்லன் தொப்பியைக் கழற்றியபடியே, "புரூயிட் அடுத்த பாட்டு கேக்கறாரு. ஒண்ணு எழுதேன்" என்றான்.

"எழுதறேன். புருஷன் செத்துப்போன பாட்டு. அதையும் என் தலையில திருப்பிப் போட்டுப் பாடு, பாக்கலாம்."

அவனுக்குக் கோபம் வரவில்லை. மோவாயைத் தடவிக்கொண்டு நிஜமாகவே யோசித்தான்.

"பொண்டாட்டி செத்துப்போன பாட்டா?" என்றான். "ஓடும் ஐடெல். நல்லாவே ஓடும்."