ஒரு மணிக்கு வேக வேண்டிய கொண்டைக்கடலை

அண்ணன் ஐம்பது கிலோ வர வேண்டும். மருத்துவர் அந்த எண்ணைத் தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். வயிற்றில் இருப்பது கெட்ட கட்டி இல்லை, ஆனால் எடுத்தே ஆக வேண்டும். நாற்பத்தேழரைக் கிலோவில் இருப்பவருக்கு மயக்க மருந்து கொடுக்க அந்த மருத்துவர் அம்மாள் தயாராக இல்லை. ஒரு மாத அவகாசம். குழைவாக, சூடாக, நேரத்துக்கு என்று விரல்விட்டுச் சொன்னார். அண்ணனுக்குப் பற்களை எடுத்து ஒரு வருடம் ஆகிறது. பல் செட் எப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும்.

அண்ணி காலமான பிறகு அவர் தனியாக இருந்தார். ஒரு பையும் ஒரு குடையுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது குளிர்காலம் தொடங்கிவிட்டது. எங்களுக்குள் பதினோரு வருடமாகப் பேச்சு குறைவு. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றும் வந்திருக்கும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. இருவருமே பேசாத ஆட்கள். ஒரே அறையில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து, நான் புத்தகத்தையும் அவர் ஜன்னலையும் பார்த்துவிட்டு எழுந்து போவோம்.

என் மனைவிக்கு மூன்று மாதத்துக்கு வேறு ஊரில் வேலை போட்டிருந்தார்கள். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பரணில் கிடந்த மின்சாரக் குக்கரை இறக்கித் துடைத்தாள். பார்லி, கேரட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் போட்டு மூடினாள். அண்ணன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியையும் வழித்தார். அவள் என்னைப் பார்த்து, பார்த்தீங்களா, போட்டா சாப்பிடறார் என்றாள். குக்கரோடு வந்த கையேட்டின் அட்டையில் ‘குளிர்காலத்துக்கு எளிய உணவுகள்’ என்று இருந்தது. அந்த ‘எளிய’ என்ற சொல்லை அன்று நான் சந்தேகப்படவில்லை.

படித்ததை நம்புவது என் தொழில். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களை அச்சுக்குப் போகும் முன் திருத்திக் கொடுக்கிறேன். எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, ஒரு புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்பதிலேயே இருபத்தாறு வருடம் போய்விட்டது. காலை ஆறே முக்காலுக்குப் போனால் மாலை ஐந்தரைக்குத்தான் வீடு. ஆகவே மதியச் சாப்பாட்டுக்குக் குக்கரின் டைமர்தான் கதி. எத்தனை மணி நேரம் கழித்துத் தொடங்க வேண்டும் என்று அழுத்திவிட்டுப் போனால் போதும். ஐந்து மணி நேரம் எண்ணிவிட்டு அது தானாகச் சூடேறி, தானாக வேகவைத்து, ஒரு மணிக்குச் சூடாக வைத்திருக்கும். கையேட்டை மூன்று முறை படித்தேன். ஓர் எழுத்துப் பிழை கண்ணில் பட்டது. மற்றபடி தெளிவாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை கொண்டைக்கடலை, கேரட், இரண்டு பல் பூண்டு. தண்ணீர் அளந்து ஊற்றி, மூடியைத் திருகி, டைமரை வைத்தேன். மேசைமேல் ஒரு சீட்டு எழுதி வைத்தேன்: ‘மதியச் சாப்பாடு குக்கரில் இருக்கிறது.’ அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.

மாலை வந்து மூடியைத் திறந்தால் கடலை குளிர்ந்த நீரில் ஊறிக்கொண்டு கிடந்தது. கேரட் கேரட்டாகவே இருந்தது. ரொட்டிப் பொட்டலம் இளைத்திருந்தது, ஒரு டீ டம்ளர் கழுவிக் கவிழ்த்தப்பட்டிருந்தது. அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவசரமாக மறுபடி வைத்தேன். இருபது நிமிடத்தில் ஆகிவிடும் என்று நினைப்போம், ஆனால் சூடேற ஒரு கால் மணி, வேக அரை மணிக்கு மேல், அழுத்தம் அடங்க இன்னொரு இருபது நிமிடம். அது இறங்குவதற்குள் மாத்திரையோடு இரண்டு பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுவிட்டு அண்ணன் படுத்துவிட்டார். கடலையை நான் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமையும் அதேதான். புதன்கிழமை கடலையை விட்டுவிட்டுப் பார்லிக்கு மாறினேன். பார்லியும் ஊறிக் கிடந்தது. இரவு மனைவியிடம் போனில் சொன்னேன். வால்வைச் சரியான பக்கம் திருப்பினேனா, ரப்பர் வளையத்தைக் கழுவிவிட்டுத் திரும்ப மாட்டினேனா, மூடி ‘கிளிக்’ என்றதா என்று வரிசையாக விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

“மருந்துச் சீட்டுல ஒரு கமா விட்டாக் கண்டுபிடிக்கிற ஆளு, ஒரு கடலையை வேக வைக்க முடியலையா?” என்றாள். “அவர்கிட்ட கேட்டீங்களா?”

“அவர்கிட்ட என்ன கேக்கறது? அவரா சமைச்சாரு?”

அவள், “ரெண்டு பேரையும் அந்தக் குக்கருக்குள்ள போட்டு மூடணும். அப்பவும் ஆவிதான் வரும், பேச்சு வராது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வீட்டில் வேறு சில்லறை எரிச்சல்களும் சேர்ந்துகொண்டிருந்தன. இரவு சார்ஜில் போட்டுவிட்டுக் காலையில் எடுத்தால் போன் பாதிதான் ஏறியிருக்கும். அண்ணன் அறையில் நான் போட்டுவிட்டு வரும் ஹீட்டர், திரும்பிப் பார்க்கும்போது அணைந்திருக்கும். அவர் இரண்டு போர்வைக்குள் சுருண்டிருப்பார். பழைய ஹீட்டர், பழைய சார்ஜர் என்று நினைத்துக்கொண்டேன். பொருள்களைச் சந்தேகிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

வியாழன், வெள்ளி, சனி. ஆறு நாளில் ஆறு முறை குளிர்ந்த தண்ணீர். சனிக்கிழமை மாலை குக்கரைத் துண்டில் கட்டி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். கம்பளித் தொப்பி போட்டிருந்த மெக்கானிக் அதில் தண்ணீர் ஊற்றி, டைமரை ஒரு மணி நேரத்துக்கு வைத்தார். நான் ஒரு மணி நேரமும் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சரியாக ஒரு மணி நேரம் கழித்து அது சூடேறத் தொடங்கியது. எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டில் அழிச்சாட்டியம் பண்ணிவிட்டு வெளியாள் முன்னால் சமர்த்தாக இருக்கும் பிள்ளை மாதிரி அது நடந்துகொண்டது.

“இது நல்லாத்தான் இருக்கு சார். உங்க வீட்டுக் கரண்ட்டைக் கேளுங்க” என்றார் அவர். “ஒரு நொடி கரண்ட் போனாப் போதும், வெச்ச டைமரை மறந்துடும். வருஷக்கணக்கா மனசுல வெச்சுக்க இது என்ன மனுஷனா?”

எங்கள் பகுதியில் கரண்ட் போவதே இல்லை என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த மிக்சியைக் கையில் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். டைமரை வைத்தேன், சரியாக வேலை செய்தது. அண்ணன் உருளைக்கிழங்கும் பருப்பும் மசித்து ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டார். ஆனால் அன்று காலை குளியலறை எடை மெஷினில் அவர் ஏறி நின்றபோது நாற்பத்தாறு புள்ளி ஒன்பது காட்டியது. அறுநூறு கிராம் இறங்கியிருந்தார். அவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். நான் இருந்தால் வேகிறது, இல்லாவிட்டால் வேகவில்லை. இந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அன்று முழுவதும் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தேன்.

திங்கட்கிழமை பஸ் நிறுத்தம் வரை போன பிறகுதான் மூக்குக் கண்ணாடியை மறந்தது தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் அச்சகத்தில் நான் வெறும் நாற்காலி. திரும்பி வந்து சாவியால் கதவைத் திறந்தேன். வீடு இருட்டாக இருந்தது. அண்ணன் கூடத்தில் டிவிக்குப் பின்னால் குனிந்து சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். பிறகு அவர் அறைக்குள் போய் ஹீட்டரை அணைத்தார். அவசரமே இல்லாமல், பழகிய வழியில் போகிறவர் போலப் போனார். கடைசியாகச் சமையலறை. குக்கருக்கு முன்னால் நின்று, அதன் திரையில் எரிந்த எண்ணை முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். கையை மூடியின்மேல் வைத்துப் பார்த்தார். சூடில்லை. சுவர் சுவிட்சைத் தட்டினார். எண் அணைந்தது.

முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் படித்துக் குறித்துக்கொண்டு வந்தவர் அவர். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு உடம்பு அரிக்கும் என்று அண்ணி சொல்வதுண்டு. இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை.

“ஏன்ண்ணே அணைச்சீங்க?”

திரும்பிப் பார்த்தார். திடுக்கிடவில்லை. “சும்மா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.”

“அதுல உங்க சாப்பாடு இருக்கு.”

“தெரியும். வேகாமக் கிடக்கு.”

“நீங்க அணைச்சா எப்படி வேகும்?” என் குரல் உயர்ந்துவிட்டது. பதினோரு வருடத்தில் அவரிடம் நான் உரக்கப் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். “அது தானா வேகும்ண்ணே. மணி எண்ணிக்கிட்டு இருக்கு. ஒரு மணிக்குச் சாப்பாடு ரெடியா இருக்கும். ஒரு வாரமா நான் இதைப் போட்டு அலையறேன்.”

அவர் குக்கரைப் பார்த்தார். சுவரில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. பஸ் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“நீ ஊறப் போட்டுட்டுப் போறேன்னு நெனச்சேன்” என்றார். “சாயந்தரம் வந்து சமைப்பேன்னு. நாலு மணிக்கு எல்லாத்தையும் திரும்பப் போட்டுடுவேன். உன் வீட்ல நீ வெச்சதை நான் மாத்தி வெச்ச மாதிரி இருக்கக் கூடாதில்ல.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

அவர் மேசைக்குப் போய் அந்தச் சீட்டை எடுத்து வந்தார். முந்தின ஆறு நாள் சீட்டுகளையும், பல் செட்டோடு மடித்து வைத்திருந்த சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் அதே வாக்கியம், அதே முற்றுப்புள்ளி.

“தானா வேகும்னு இதுல எழுதலையே” என்றார்.

எழுதவில்லைதான். அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றுமில்லை. வேண்டிய அடுத்த வாக்கியம்தான் இல்லை. அதற்காக அவர்மேல் வந்த கோபம் என்மேல் திரும்பியது, ஆனால் அளவு குறையவில்லை. நான் சுவிட்சைப் போட்டு, டைமரை மறுபடி வைத்து, மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்று அச்சகத்தில் ஒரே தாளை நான்கு முறை படித்தேன்.

அதற்குப் பிறகு சுவிட்ச் அணையவில்லை. ஹீட்டர் மட்டும் அணைந்துகொண்டிருந்தது, அதை நான் விட்டுவிட்டேன். சாப்பாடு வெந்தது. பட்டாணி, பார்லி, பூசணிக்காய், பருப்பும் அரிசியும் ஒன்றாகக் குழைந்தது. அண்ணன் சாப்பிட்டாரா என்பது மாலையில் கிண்ணத்தைப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் பேச்சு மறுபடி பழைய அளவுக்கு வந்துவிட்டது. எடை மெல்ல ஏறியது. மாதக் கடைசியில் மருத்துவமனை மெஷினில் அவர் நின்றபோது நான் எட்டி எண்ணைப் பார்த்தேன். நாற்பத்தொன்பது புள்ளி நான்கு.

மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். இன்னும் பத்து நாள் கழித்து வாருங்கள் என்றார். கொஞ்சம்தானே குறைகிறது என்று நான் வாதாடினேன். கொஞ்சம்தானே, ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி பனியால் மூடியிருந்தது. அண்ணன் விரலால் அதில் ஒரு சின்ன வட்டம் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான்கு நிறுத்தம் தாண்டிய பிறகு சொன்னார்.

“அந்த மொத வாரம் இறங்குனது அறுநூறு. இப்பக் குறையறதும் அறுநூறு.”

முப்பத்தோரு வருடம் முந்தின ரீடிங்கைக் கழித்துப் பார்த்தவர். அது யார் தப்பு என்கிறார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் சீட்டை முழுப் பக்கத்துக்கு எழுதினேன். எப்போது தொடங்கும், எப்போது முடியும், மூடியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், உப்பு போட்டாகிவிட்டது. இரண்டு முறை படித்துத் திருத்தினேன்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது என் மேசைப் போன் அடித்தது. அண்ணன். அவர் அலுவலகத்துக்குப் போன் செய்வது அதுதான் முதல் தடவை.

“திரையில பூஜ்யம் வந்துடுச்சு” என்றார். “மூடி திறக்க மாட்டேங்குது.”

“திறக்காதீங்கண்ணே. உள்ள ஆவி இருக்கு. மூடியில சின்னதா ஒரு குமிழ் நிக்குதில்ல, அது தானாக் கீழ இறங்கும். அப்புறம் திறங்க.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“கால் மணி ஆகலாம்.”

“சரி” என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. எதிர் மேசைக்காரர் என்னைப் பார்த்தார். மேலாளர் ஒரு தாளை நீட்டினார், கையால் அப்புறம் என்று காட்டினேன். போனில் அவர் மூச்சும், எங்கள் வீட்டுச் சமையலறைக் கடிகாரமும் கேட்டன. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு குமிழ் இறங்குவதற்கு இரண்டு பேர் காவல். ஆனாலும் நான் காதை எடுக்கவில்லை.

‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

“இறங்கிடுச்சு” என்றார்.

மூடி திருகும் சத்தம். கரண்டி. ஊதும் சத்தம். பல் செட் மாட்டுகிற சத்தம்கூடக் கேட்டதுபோல் இருந்தது. அப்புறம் மெல்லும் சத்தம்.

“நல்லா வெந்திருக்கு” என்றார். “உப்பு போட்டாச்சுன்னு எழுதியிருக்க.”

“ஆமா.”

“போடலை.”

நான் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

“அடுப்புப் பக்கத்துல சின்ன டப்பால இருக்குண்ணே.”

“பார்த்துட்டேன்” என்றார். டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.