மஞ்சள் வீட்டு ஜன்னல்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் படகு வழிகாட்டிக்கு இந்தக் கதி வந்திருக்காது. ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் பழங்கால வீடுகளைச் சுற்றுலாப் படகில் நின்று மைக்கில் விளக்குவதுதான் அவன் பிழைப்பு. மஞ்சள் வீடு வரும்போது மட்டும் சொல்ல ஒன்றும் இருக்காது, கூட்டம் கொட்டாவி விடும். ஒருநாள் அளந்துவிட்டான்.

"ஒரு வியாபாரி, பொண்டாட்டிய அந்த மாடியில பூட்டி வச்சான். ஆத்தையே பாத்துக்கிட்டு நின்னு நின்னு செத்தா. இன்னும் நிக்கிறா."

கூட்டம் வாயைப் பிளந்தது. அப்புறம் விடுவானா? தினமும் அதே கதைதான். ஊரெல்லாம் பரவி, வாங்க ஆளில்லாமல் அந்த வீட்டின் விலை தரைதட்டியது. பேயாவது பிசாசாவது, நம்மாளுக்குத் தெரியாதா? அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டுவிட்டுத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

குடிபோனதும் மாட்டிக்கொண்டவள் அவன் மனைவி. தையல்காரி. வீட்டில் வெளிச்சம் வரும் இடம் அந்த மாடி ஜன்னல் ஒன்றுதான், மெஷினை அங்கேதான் போட முடிந்தது. ஒவ்வொரு படகும் அவளைப் பார்த்து அலறியது, ஃபோட்டோ எடுத்தது. அளவு கொடுக்க வருகிறவர்கள் வாசலோடு திரும்பினார்கள். ஒரு தட்டி கட்டலாமென்றால் தெருவின் பழமை கெட்டுவிடும் என்று நகராட்சி விடாது. ஜன்னலைச் சாத்தினால் ஊசி தெரியாது. விற்கலாமென்றால் எவன் வாங்குவான்? கதையை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள். கதைக்காகத்தான் கூட்டமே வருகிறது, நிறுத்தினால் வேலை போய்விடும் என்றான். வாடகைக்காவது போய்விடலாம், எனக்கு மூச்சு முட்டுகிறது என்று அழுதாள். சொந்த வீட்டை விட்டுவிட்டு வாடகைக்குப் போக எனக்கென்ன பைத்தியமா என்றான். இதைத் திருப்பித் திருப்பிக் கேட்டதில் அவளுக்கு அழுகையும் வற்றிப்போனது.

ஒரு மத்தியானம் படகின் கடைசி பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள், மடியில் பெட்டியோடு. இன்றைக்கு அந்தக் கதையை விட்டுவிடலாமா என்று நினைத்தான். ஆனாலும் மஞ்சள் வீடு வந்ததும் வாய் பழக்கதோஷத்தில் ஓடியது. ஜன்னல் காலியாக இருந்தது. கதை முடிந்ததும் அவள் மற்ற பயணிகளைப் போலவே கையைத் தூக்கினாள்.

"ஒரு சந்தேகங்க. வேற எங்கயாச்சும் போயிடலாம்னு அந்தம்மா கேட்டிருப்பாங்களே. அவன் என்ன சொன்னான்?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். எந்தக் கேள்விக்கும் சளைக்காத வாய் அது. அவசரமாக அடுத்த வீட்டின் கதைக்குத் தாவியது.

துறையில் படகு ஒதுங்கியதும் அவள்தான் முதலில் இறங்கினாள். பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே விட்டுவிட்டீர்களே தம்பி என்றார்.

வீடு இன்னும் விலைபோகவில்லை. வேலை இல்லாத சாயங்காலங்களில் அவன் அந்த மாடி ஜன்னலில் நின்று துறையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். போகிற படகுகளிலிருந்து ஃபோட்டோ எடுக்கிறார்கள்.