கழிப்பறைச் சுவரில் என் பெயர்

அறுபதாவது பிறந்தநாளுக்கு ஓட்டல் அறை பரிசாக வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. சும்மா விடுவேனா? சொந்த ஊரான உத்ரெக்ட்டிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினேன்.

வரவேற்பறையில் வவுட்டர் என்பவன் ஒரு மரக்கரண்டியை நீட்டினான்.

"என்னப்பா கூத்து இது?"

"அதாங்க சாவி. கதவுல ஒரு குழி இருக்கும், அதுல வைங்க, தொறந்துக்கும்."

"அனுப்புனது யாரு?"

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேங்க."

அறையில் கட்டில் கயிற்றில் ஆடியது. நாற்காலிகள் கூரையில் தலைகீழாகத் தொங்கின. ஜன்னலுக்குக் கீழே ஓடும் கால்வாயில் பட்ட வெயில் மேலே வந்து அவற்றின் கால்களுக்கு நடுவே நெளிந்தது. படுத்துப் பார்த்தேன். நான் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறேனா, அறைதான் மிதக்கிறதா என்று தெரியவில்லை. மிதந்த நாற்காலிகளில் ஒன்று நீலம். அம்மாவின் நீல நாற்காலி யாருக்கு என்றுதான் நானும் தங்கை லீஸ்பெத்தும் அடித்துக்கொண்டோம். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. இன்றாவது கூப்பிடுவாள் என்று காலையிலிருந்து காத்திருந்தேன், வெட்கங்கெட்டவள் நான்.

எங்கள் டச்சு வீடுகளில், வேண்டியவர்கள் பெயரை அவரவர் தேதியில் எழுதிவைக்கும் பிறந்தநாள் நாட்காட்டி கழிப்பறையில்தான் தொங்கும். செத்துப்போனவர்கள் பெயரைக்கூட அதிலிருந்து எடுக்கமாட்டோம். நானோ லீஸ்பெத்தின் பெயரைக் காகிதம் கிழியும்வரை தேய்த்து அழித்தவள்.

தங்குகிறவர்கள் எழுதிவிட்டுப் போக இந்த ஓட்டல் கழிப்பறையிலும் ஒன்றை மாட்டியிருந்தார்கள். இன்றைய தேதியில் 'டினேகா' என்று என் பெயர்! பள்ளிக்கூட நாளிலிருந்து நான் கேலி செய்த அதே கோழிக் கிறுக்கல். அவளேதான். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பிறகு பேனாவை எடுத்து, அழிக்க முடியாதபடி, அக்டோபரில் லீஸ்பெத் என்று எழுதினேன். போனை எடுத்தேன். ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவர் வீட்டாருக்கும் சேர்த்து வாழ்த்துச் சொல்வது எங்கள் வழக்கம்.

"ஹலோ?"

"உங்க அக்காவுக்கு இன்னிக்கு அறுபது. உனக்கு வாழ்த்துகள்டி."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஒம்பது வருஷமா எனக்கு யாருமே சொல்லலக்கா."

"சரி, உறிஞ்சாத. எங்கடி இருக்க?"

"கீழதான். வவுட்டர் மூணாவது காபி குடுத்துட்டான். நீ கூப்பிடலன்னா அப்படியே போயிடலாம்னு இருந்தேன்."

கரண்டியை அறையிலேயே விட்டுவிட்டு, செருப்புகூட மாட்டாமல் படியிறங்கி ஓடினேன்.