ஜன்னல் பக்கத்து வெளிச்சம்

றேமண்ட் இரண்டாவது விளக்கைத் தாங்கியில் ஏற்றித் திருகிக்கொண்டிருந்தபோது கிறகோரி பின்னால் வந்து நின்றான்.

"மச்சான், பவுடர் போடச் சொல்லியிருக்கிறன். படத்தில முகம் நல்லா விழவேணும்."

றேமண்ட் திரும்பவில்லை. திரும்பினால் கையிலிருந்த இரும்பை அவன் தலையில் இறக்கிவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

சவப்பெட்டியில் கிடந்தவள் றேமண்டின் தங்கச்சி றெஜினா, கிறகோரியின் மனைவி. இருபத்துநாலு வயது. நேற்றுக் காலை குளிக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டாள் என்று கிறகோரி சொன்னான். துறைமுகத்தில் பெரிய கிளாக்கர் அவன். அவன் சொன்னதையே டாக்டரும் எழுதிக் கொடுத்துவிட்டார். நாலு மணிக்கு அடக்கம். அதற்குமுன் சுவரில் மாட்ட றெஜினாவின் முகம் மட்டும் தனியாக ஒரு படம் வேண்டுமாம். கொட்டாஞ்சேனை ஸ்டூடியோ ஒன்றில் பத்து வருஷமாக வேலை பார்க்கும் மச்சான் இருக்கும்போது வேறு ஆளை எதற்குக் கூப்பிட வேண்டும்?

ஸ்டூடியோச் சாமான்களை றிக்‌ஷாவில் ஏற்றி வந்திருந்தான். கிறகோரி வீட்டு முன் ஹோலில் ஒரே ஒரு பெரிய ஜன்னல். அதன் வெளிச்சம் முகத்தின் இடப்பக்கம் விழ, வலப்பக்கம் இரண்டு விளக்குகளை நிறுத்தினான். நிழலைக் குறைக்க வெள்ளைத் துணியொன்றையும் விரித்துக் கட்டினான். பகல் வெளிச்சத்தையும் பல்பு வெளிச்சத்தையும் அளவாகக் கலப்பதுதான் அவனுக்குச் சோறு போடுகிற வித்தை. பல்பின் மஞ்சள் வெளிச்சம் இரக்கமுள்ளது. புதுவகைக் கண்ணாடிப் பிளேட்டில் படம் பிடித்தால் சிவப்பையெல்லாம் வெளுக்க வைத்துவிடும். பரு தெரியாது, தழும்பு தெரியாது, குடித்தவனின் கண் சிவப்பும் தெரியாது. ஜன்னல் வெளிச்சம் அப்படியல்ல. அதைப் பழையவகைப் பிளேட்டில் பிடித்தால் தோலில் கன்றியிருப்பதெல்லாம் கறுப்பாக விழும்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். கமெராக் கண்ணாடியில் றெஜினா தலைகீழாகத் தெரிந்தாள். நாடிவரை ஏற்றிப் பூட்டிய லேஸ் கழுத்துப்பட்டி. அதன் ஓரத்தில், பவுடருக்கு அடியில், ஒரு பக்கம் நாலு தடம். மறுபக்கம் ஒன்று.

வழுக்கி விழுந்தவளின் கழுத்தில் விரல் பதியுமா?

துணிக்குள்ளேயே நின்றான். மூன்று மாதத்துக்கு முன் வெள்ளவத்தையில் அவன் வீட்டு வாசலில் அவள் ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் பையுமாக வந்து நின்றாள். "அண்ணா, கொஞ்ச நாள் இருந்திட்டுப் போறனே" என்றாள். ஏனென்று அவன் கேட்கவில்லை. "கட்டின வீட்டை விட்டிட்டு வந்து இருந்தா சனம் என்ன கதைக்கும்?" என்று மட்டும் கேட்டான். பின்னேர றெயிலில் அவனே கூட்டிக்கொண்டு வந்து இந்த வீட்டில் விட்டான். கிறகோரி சிரித்துக்கொண்டு கை குலுக்கினான். அந்தக் கையை இவனும் குலுக்கினான்.

துணியை உதறிவிட்டு வெளியே வந்தான். ஒரு விளக்கை அணைத்தான். மற்றதையும் அணைத்தான்.

"ஏன் மச்சான் லைற்றை நூத்தனீர்?"

"ஜன்னல் வெளிச்சம் போதும்."

"முகம் கறுத்துப்போமே?"

"எனக்குத் தொழில் சொல்லித்தர வேணாம்."

வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைத் துணியை அவிழ்த்து மூலையில் எறிந்தான். சாமான் பெட்டியிலிருந்து பழையவகைப் பிளேட் ஒன்றை வெளிச்சம் படாத உறையோடு எடுத்துக் கமெராவில் செருகினான். இனிக் கழுத்துப்பட்டிதான். அதை நீக்கக் கையை நீட்டினான், கை போகவில்லை.

தலைமாட்டில் இருந்த அம்மா எழுந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தான். "கோவப்படாத மகன், சின்னப்பிள்ளை ஒண்டிருக்கு" என்று காலையில் அவன் கையைப் பிடித்துச் சொன்னவள் அவள்.

அம்மா சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்தாள். லேஸின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்துவிட்டாள். பிறகு மகளின் கழுத்தை, குழந்தையின் கழுத்தைத் துடைப்பதுபோல, மெல்லத் துடைத்தாள். பவுடர் சேலையோடு வந்தது.

"மாமி! என்ன செய்யிறீங்கள்?"

"பெட்டியில வைக்கமுந்திக் குளிப்பாட்டினது நான்தானே தம்பி," என்றாள் அம்மா. "எந்த இடத்தைத் துடைக்கவேணுமெண்டு எனக்குத் தெரியும்."

கிறகோரி பெட்டியை நோக்கி வந்தான். றேமண்ட் குறுக்கே நின்றான். இருவரின் நெஞ்சும் கிட்டத்தட்ட முட்டின.

"விலகி நில்லும். படம் ஆடிப்போம்."

அத்தனை கண்களும் பார்த்துக்கொண்டிருந்தன. கிறகோரி ஓர் அடி பின்னால் வைத்தான்.

றேமண்ட் கமெராவின் மூடியைக் கழற்றி எட்டுவரை எண்ணினான். மூடினான். பிளேட்டை உறையோடு உருவிக் கமுக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான்.

"அந்தப் பிளேட்டைத் தந்திட்டுப் போம்!"

"கழுவினாப்பிறகு எல்லாரும் பாக்கலாம்."

ஸ்டூடியோவில் கழுவி அச்சிட்ட படம் காயும்வரை அவன் காத்திருக்கவில்லை. இரண்டு மணிக்கு மரண விசாரணை அதிகாரியின் மேசையில் ஈரத்தோடு கொண்டுபோய் வைத்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். தடங்களை ஒரு தரம் எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"நீர் ஆர்?"

"படம் பிடிச்சவன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தமையன்," என்றான் றேமண்ட். "அந்த வீட்டுக்கு அவளைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டவன்."

 அவர் பியோனைக் கூப்பிட மணியை அடித்தார்.

நாலு மணிக்குக் கோயில் மணி ஒலிக்கவில்லை. பெட்டி மூடப்படாமலே இருந்தது. விறாந்தையில் இரண்டு கொன்ஸ்டபிள்மார் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். உள்ளறையில் கிறகோரி இன்ஸ்பெக்டரோடு இங்கிலீஷில் உரத்துப் பேசுவது கேட்டது. போகப்போகக் குரல் தணிந்தது. பிறகு இன்ஸ்பெக்டரின் குரல் மட்டும் கேட்டது. அம்மா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

றேமண்ட் கேற்றடியில் நின்றான். நாலரை ஆனதும் சவ வண்டிக்காரன் வந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.  குதிரைகள் இரண்டையும் வண்டியிலிருந்து அவிழ்த்து, தண்ணீர் காட்டத் தெருக்குழாயடிக்கு நடத்திக்கொண்டு போனான்.