ஈசான்ய மூலை கேட்

எல்லாரும் சௌக்கியமா? முழங்கால் வலியெல்லாம் தேவலையா, ராத்திரி நன்னா தூங்கறேளா? சரி, காபியைப் பக்கத்துல வச்சுண்டு நம்ம மந்தைவெளி சாருலதா கதையைக் கேளுங்கோ.

…அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கணும், வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துதுன்னு தன்னையே திட்டிண்டு சாருலதா பார்க்குல அந்தப் பச்சைக் கம்பி வேலிக்குள்ள நிக்கறா, கையில சுண்டலோட கயிறு, சுண்டல்னா அவ நாய், மெரினாவுல சுண்டல் பொட்டலத்தை நக்கிண்டிருந்த குட்டியைத் தூக்கிண்டு வந்தா, அந்தப் பேரே நின்னுடுத்து. இன்னிக்குத்தான் முதல் நாள், கயித்தை அவுத்துவிட்டு நாய்கள் இஷ்டத்துக்கு ஓடறதுக்குன்னு பார்க்குல ஒரு மூலை, ப்ளான் போட்டது இவதான், வீடு கட்டறதுக்குப் படம் போடறதுதானே இவ உத்தியோகம். எல்லாம் யாருக்காக? இதுக்காகத்தான். ஃப்ளாட்ல மொட்டைமாடிக்குப் போகப்படாது, லிஃப்ட்ல ஏறப்படாது, ரோட்ல விட்டா தண்ணி லாரி… பாவம், பொறந்ததுலேந்து ஒரு முழு ஓட்டம் ஓடினதில்லை. இன்னிக்கு ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னா வேலியைப் பிடுங்கிப் போட்டுடுவோம்னு பார்க்கைப் பார்த்துக்கற குடியிருப்போர் சங்கத்துல சொல்லிட்டா, அதுவும் எல்லார் எதிர்க்கயும்.

இவ ப்ளான்ல கேட் தெற்குப் பக்கம், அதுவும் ரெண்டு கேட், ஒண்ணைச் சாத்தினப்புறம்தான் இன்னொண்ணைத் திறக்கணும், ஒருத்தர் உள்ள வரச்சே இன்னொருத்தர் நாய் வெளியில பாயாம இருக்க. சங்கத் தலைவர் ஸ்ரீரங்கன் மாமா படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், தெற்கு வாசலா, யமன் திக்குடீம்மா, ஈசான்யத்துல வை, க்ஷேமமா இருக்கும்ன்னார். நாய்க்குமா மாமா வாஸ்துன்னு யாரோ சிரிச்சா. பைரவரோட வாகனம்டா, உன் ஸ்கூட்டர்னு நினைச்சியான்னார். அந்த வடகிழக்கு மூலைக்கு வெளியிலதான் குழந்தைகளோட சறுக்குமரம், ரெண்டு கேட்டுக்கு அங்க இடமும் இல்லை, இவளுக்குத் தெரியும், தெரிஞ்சும் தலையை ஆட்டினா, இன்னொரு கூட்டம் போட்டா மொத்தமும் கெட்டுடுமேன்னு… ஆட்டினேனே, மாடு மாதிரி ஆட்டினேனே.

இப்போ அந்த ஒத்தைக் கேட்டுக்கு வெளியில, பார்க் பெருக்கற தேவானையோட பொண்ணு தமிழ்மொழி, மூணு வயசு இருக்கும், கையில பன்னை வச்சிண்டு நிக்கறது. காலம்பறயே தேவானை கேட்டா, இன்னாக்கா, நாய்க்கு பங்களா கட்டிக்கினீங்க, எங்க புள்ளைங்க ஆடிக்கினு இருந்த எடம் இதுன்னு, சிரிச்சுண்டுதான் கேட்டா, கண்ணு சிரிக்கலை. கதவு கெட்டியாத்தான கீது? கெட்டிதான், பயப்படாதேன்னு இவ சொன்னா… எந்த வாயால சொன்னேன்? அந்தக் குழந்தையைக் கேட்டை விட்டுத் தள்ளி நிக்கச் சொல்லணும், பன் வாசனை வேற, சொல்லணும், இதோ சொல்றேன், ஆனா அதுக்குள்ள நாயோட வந்தவா எல்லாரும் கயித்தை அவுக்கறா, இவளும் கொக்கியைக் கழட்டிட்டா, சுண்டல் ஒரு க்ஷணம் நம்பாம இவளையே பார்த்துது, அப்புறம் ஓடித்து பாருங்கோ, காது ரெண்டும் பின்னால மடிஞ்சு, வயிறு தரையைத் தொடற மாதிரி, ஒரு சுத்து, ரெண்டு சுத்து, இதுக்காகத்தானே, இது போறுமே…

வெளியில பூசணிக்காய் உடைச்சாச்சு, கற்பூரம் காட்டியாச்சு, மாமா பையிலேந்து சிவப்பா ஏதோ சுருளைப் பிரிக்கறார், என்னது அது, ஐயையோ, சரவெடியா? நாய்களை வச்சிண்டா? மாமா, வேண்டாம் மாமா! சுபகாரியத்துக்குச் சத்தம் வேண்டாமாடீன்னுண்டே அவர் ஊதுவத்தியை வச்சுட்டார், அதே சமயம் பக்கத்துத் தெரு ஹம்மாத் தம்பி லேட்டா வந்து, தன் லாப்ரடார் நாயை உள்ள விட கேட்டைத் திறக்கறார்.

படபடபடன்னு வெடிச்சுது. சுண்டல் பாதி ஓட்டத்துல திரும்பித்து, கேட்டைப் பார்த்துது, பாய்ஞ்சுது, ஹம்மாத் காலுக்கு நடுவுல, வெளியில, குழந்தை, பன்… சுண்டல்! சுண்டல்!னு கத்திண்டே இவ ஓடறா, ரோட்டுக்குப் போயிடுமோ, லாரி… இல்லை, இதோ சறுக்குமரத்தடியில, வெடவெடன்னு நடுங்கிண்டு. வாரி அணைச்சுண்டா. அப்புறம்தான் திரும்பினா. சுண்டல் இடிச்சுத் தள்ளின குழந்தை மணல்ல குப்புறக் கிடந்து எழுந்துக்கறது, மூக்கெல்லாம் மண்ணு, காயம் ஒண்ணும் இல்லை, அழக்கூட இல்லை, நசுங்கின பன்னையே பார்த்துண்டு நிக்கறது. தேவானை துடைப்பத்தைப் போட்டுட்டு ஓடிவந்து தூக்கிண்டா. இவளை ஒரு பார்வை பார்த்தா. நாய் பேரைத்தானே கூவினீங்கக்கான்னா, அவ்வளவுதான், சத்தமாக்கூட இல்லை.

பார்த்தேளா, ஈசான்யம், ஒரு கீறல் இல்லாம முடிஞ்சுதுன்னு மாமா கையைத் தட்டறார், நாளைலேந்து தினமும் திறந்துடலாம், என்னம்மா சாரு?

எல்லாரும் இவளையே பார்க்கறா. கேட்டைப் பூட்டுங்கோன்னு சொன்னேன்னா சுண்டலுக்கு இனிமே ஓட்டம் கிடையாது. சரி மாமான்னு சொன்னேன்னா, நாளைக்கு இதே ஒத்தைக் கேட், வெளியில யார் குழந்தையோ… குழந்தையைத் தாண்டித்தானே வந்தேன்? தாண்டினேனா, ஒதுங்கி வந்தேனா, அங்க அது கிடந்ததே கண்ணுல படலையா? சுண்டலோட நெஞ்சு இவ நெஞ்சுல அடிச்சுக்கறது, இவ வாயைத் திறந்துட்டா, ஆனா எந்தப் பதில் வரப்போறதுன்னு அவளுக்கே தெரியலை.

நீங்களா இருந்தா அந்த நிமிஷம் யார் பேரைக் கூப்பிட்டிருப்பேள்? பூசி மெழுகாம, உங்காத்துல, உங்க தெருவுல இப்படி நடந்ததை எனக்கு எழுதுங்கோ, ஒண்ணு விடாம படிக்கறேன்.