டிராயருக்குள் இருந்த மச்சான்

ஒரகடம், வல்லம் வடகால், படப்பை வட்டாரத்துப் பொதுமக்களுக்கும், மூன்று ஷிப்டுத் தொழிலாளத் தோழர்களுக்கும், ஷேர் ஆட்டோ அன்பர்களுக்கும் மிகுந்த பணிவுடன் தெரிவிக்கப்படும் மாபெரும் செய்தி: வேன் உரிமையாளர் நலச் சங்கத்தின் தலைவர், 'சட்டச் சுடர்' ஜீவானந்தம் அவர்கள், பட்டப்பகலில், பாதி டீ கிளாசில் இருக்கும்போதே கைது செய்யப்பட்டார்.

'சட்டச் சுடர்' பட்டத்துக்கு வயது ஒரு மாதம்தான். வல்லக்கோட்டை போகும் சாலையில் உள்ள கல்யாண மண்டபத்தில் சங்கம் ஒரு சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்தியது. கைதானால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று ஒரு பெண் வக்கீல் கால் மணி நேரம் தெளிவாகப் பேசிவிட்டு உட்கார்ந்தார். தலைவர் எழுந்து மைக்கைப் பிடித்து, அதையே ஒரு மணி நேரம் குழப்பமாகப் பேசினார். பொன்னாடை தலைவருக்கு, வக்கீலுக்கு எலுமிச்சம்பழம். மறுநாளே பஸ் ஸ்டாப்பில் பேனர் எழுந்தது. அதில் நீதி தேவதை ஓரமாக ஒதுங்கி நிற்க, நடுவில் கோட்டுப் போட்ட ஜீவானந்தம் செல்போனில் யாருக்கோ உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

கைதான நாளின் கதை தொழிற்பேட்டை கேட்டில் தொடங்கியது. நைட் ஷிப்டு முடித்தவர்கள் தூக்கக் கண்ணோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கேட்டுக்கு எதிரே இருக்கும் நிழலில் யார் வேனை நிறுத்துவது என்று ஜீவானந்தத்துக்கும், இன்னொரு வேன்காரரான பகலவனுக்கும் அடிக்கடி வாய்த்தகராறு வரும். அன்றும் வந்தது.

"இன்னா பகலவா, உங்கப்பன் வூட்டு ரோடா இது?"

"உங்கப்பன் வூட்டு ரோடுன்னா பட்டாவ எட்தாந்து காட்டு!"

ஜீவானந்தம் கையை ஓங்கினார். ஓங்கினார், அவ்வளவுதான். பகலவன் ஒரு எட்டு பின்னால் வைத்தார். அந்த இடத்தில் யாரோ இட்லி தின்றுவிட்டுப் போட்ட சாம்பார் பொட்டலம் கிடந்தது. ஆள் மல்லாந்தார். மணிக்கட்டு முறிந்தது.

"தலைவர் ஒரே அடி! ஆளு காலி!" என்று சங்கச் செயலாளர் சுபாஷ் கூவினான். வேனில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். 'நான் தொடவே இல்லை' என்று சொல்ல அந்தக் கணத்தில் ஜீவானந்தத்துக்கு வாய்ப்பு இருந்தது. அந்தக் கணத்தை அவர் மீசையை முறுக்குவதற்குப் பயன்படுத்திக்கொண்டார்.

பதினொரு மணிக்கு டீக்கடைக்கு எஸ்.ஐ. வந்தார். கையில் வெறும் நோட்டீஸ்.

"விசாரணைக்கு ஒரு நாள் வந்துட்டுப் போங்க, போதும். நீங்க அடிச்சீங்களா, அவரு தானா விழுந்தாரா?"

பேசாமல் நோட்டீசை வாங்கியிருந்தால் டீ ஆறியிருக்காது. ஆனால் கடையில் கூட்டம் இருந்தது.

"தானா உழுந்தானா? இன்னா சார் இப்டி அசிங்கப்படுத்திட்டீங்க! நான் தட்டி உழாதவன் இந்த ஏரியாவுல எவன் கீறான்? நாளைக்கு வந்தாலும் தட்டுவேன். எழுதிக்கோங்க!"

எழுதிக்கொண்டார். நாளைக்கும் அடிப்பேன் என்பவரை ரோட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது என்று ஜீப்பிலும் ஏற்றிக்கொண்டார்.

ஜீப் பஸ் ஸ்டாப்பைத் தாண்டியபோது பேனரில் இருந்த ஜீவானந்தம் கம்பீரமாகப் பார்த்தார். ஜீப்பில் இருந்த ஜீவானந்தம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே மனைவி கனகத்துக்கு ஒரு மெசேஜ் தட்டினார்: 'அவசர சங்க மாநாடு. கோயம்புத்தூர் போறேன்.'

ஸ்டேஷனில் அவருடைய இரண்டு போன்களையும் வாங்கி டிராயருக்குள் வைத்தார் பெண் ஏட்டு சசிகலா.

"எதுக்கு அரெஸ்ட் பண்ணாங்கன்னு சொல்லிட்டாங்களா சார்?"

"சொல்லிட்டாங்கம்மா."

"உங்க ஆளுங்கள்ல ஒருத்தருக்குத் தகவல் சொல்லணும். வூட்டுக்குச் சொல்லிடவா?"

"ஐயோ, வூட்டுக்கு வேணாம்!" சட்டச் சுடரின் குரல் திரிபோல நடுங்கியது. "யாருக்குமே வேணாம்மா."

"யாருக்காச்சும் சொல்லியே ஆவணும். உங்க உரிமை சார் அது."

"அப்போ... மச்சான் நம்பர் எழுதிக்க."

அவர் சொன்ன நம்பருக்கு சசிகலா போன் போட்டார். டிராயருக்குள் கெட்டிமேளம் கொட்டியது. சசிகலா டிராயரைப் பார்த்தார். ஜீவானந்தம் சுவரைப் பார்த்தார். கெட்டிமேளம் அடங்க வெகுநேரம் ஆனது.

"சார், உங்க மச்சான் டிராயருக்குள்ளயா குடியிருக்காரு?"

"மானம் போயிடும்மா. எதுல கையெழுத்து வேணுமோ சொல்லு, போட்டுட்டுப் போறேன். எழுதாத பேப்பர்லகூடப் போட்டுத் தரேன்."

சசிகலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போன மாசம் மண்டபத்துல நான்தான் சார் பந்தோபஸ்து. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் நின்னுகினே இருந்தேன், காலு வீங்கிடுச்சு. 'எழுதாத பேப்பர்ல கையெழுத்து போடாதே, படிக்காம எதுலயும் போடாதே'ன்னு மேசைய குத்தி குத்திச் சொன்னது நீங்கதானே? 'வக்கீல் வர்ற வரைக்கும் வாய்ச்சவடால் வேணாம், வூட்டுக்குத் தகவல் சொல்லு'ன்னதும் நீங்கதானே?"

"அது ஜனங்களுக்குச் சொன்னதும்மா."

"நீங்க யாரு சார்?"

ஜீவானந்தம் முறுக்கிய மீசையைக் கீழே தடவி விட்டுக்கொண்டார்.

"இதோ பாருங்க. இது ஜாமீன்ல விடுற கேசு. ரெண்டு பேர் வந்து ஜாமீன் கையெழுத்து போட்டா இங்கேர்ந்தே வூட்டுக்குப் போயிடலாம். ஒருத்தரும் வரலன்னா மாஜிஸ்ட்ரேட்டு முன்னாடி நிக்கணும். அப்பால சப்-ஜெயிலு."

"ஜெயிலுக்கே போறேன்மா. கோயம்புத்தூர்ல லேட்டாயிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்."

பெண்டாட்டிக்குத் தெரிவதைவிட ஜெயில் மேல் என்று துணிந்த அந்த மாவீரரை சசிகலா ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டிராயரைத் திறந்து ஒரு போனை எடுத்து, அவர் கையாலேயே அதன் பூட்டை எடுக்க வைத்து, 'வூடு' என்ற பெயரை அழுத்தினார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு ஜெயிலைவிட இதுதான் பயம். கனகம் திட்டுவாள் என்பது மட்டும் அல்ல. கனகத்துக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்பதுதான்.

போன வருஷம் அவருடைய வேனை ஓட்டியவன் சுடலைக்கண்ணு, திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். தொழிலாளர் விடுதியில் செல்போன்கள் காணாமல் போக, சந்தேகத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோர்ட் ஜாமீன் கொடுத்தது. ஆனால் கையெழுத்துப் போட உள்ளூர் ஆள் வேண்டும்; வெளியூர்க்காரனுக்கு உள்ளூர் ஆள் ஏது? அவன் மனைவி அன்னக்கிளி நிறைமாத வயிற்றோடு ஜீவானந்தத்தின் கேட்டுக்கு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு கையெழுத்து. அவுக எங்கயும் ஓடிர மாட்டாக."

"போலீசு, கோர்ட்டுன்னு அடிபட்டா என் பேரு கெட்டுடும்மா. நெருப்பு இல்லாமயா பிடிச்சாங்க? போயிட்டு வா" என்று சொல்லி கேட்டைச் சாத்தினார். உள்ளே நின்ற கனகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலைக்கண்ணு உள்ளே இருந்தபோதே குழந்தை பிறந்தது. திருடியவன் வேறு ஒருத்தன் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அவன் வேலைக்கு வேறு டிரைவர் வந்துவிட்டான்.

சாயந்தரம் கனகம் ஸ்டேஷன் படியேறினாள்.

"கோயம்புத்தூர்ல வெயிலு எப்டி கீது?"

ஜீவானந்தம் தரையைப் பார்த்தார்.

"உன் தம்பிக்குப் போன் போட்டேன். 'கையெழுத்தா? என் பேரு கெட்டுடும் அண்ணி'ன்றான். அப்டியே உன் கொரலு. அந்த சுபாஷு, ஒரே அடின்னு கத்துனானே, அவன் போனு காலைலேர்ந்து சுவிச் ஆஃப். சங்கத்துல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருக்கும் திடீர்னு காஞ்சிபுரத்துல வேலையாம். அதனால நான் கேக்க வேண்டிய எடத்துல போய்க் கேட்டேன்."

அவளுக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்ததும் ஜீவானந்தத்துக்கு ஜெயிலே பரவாயில்லை என்று தோன்றியது. சுடலைக்கண்ணு. கம்பெனி கேன்டீன் சட்டையோடு, ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தான். பக்கத்தில் அன்னக்கிளி, இடுப்பில் குழந்தை.

"நல்லாருக்கியளா அண்ணாச்சி? ஏதாவது சாப்ட்டியளா?" என்றான் சுடலைக்கண்ணு.

குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்ட, துண்டைத் தேடினார். துண்டு ஜீப்பிலேயே போய்விட்டிருந்தது.

சுடலைக்கண்ணு இப்போது ஒரகடம் விலாசத்துக்கு மாற்றியிருந்த ஆதார் கார்டை நீட்டி, சசிகலா காட்டிய இடத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். கனகமும் போட்டாள்.

"அன்னக்கிளி..." என்று தொடங்கினார் ஜீவானந்தம். மைக் இல்லாமல் அவர் பேசத் திணறியது அதுதான் முதல் தடவை.

அன்னக்கிளி கணவனைப் போல அல்ல. "ஒரு சொல்லு சொல்லிக்கிடுதேன் அண்ணாச்சி. கோவிச்சுக்கிட்டாலும் சரிதான். போலீசு பிடிச்சிட்டுப் போறதுல கேவலம் ஒண்ணுமில்ல. தப்பு செஞ்சானா இல்லையான்னு கோர்ட்டு பாத்துக்கிடும். பிடிச்சிட்டுப் போனவன எட்டிக்கூடப் பாக்காம கதவச் சாத்துதாகளே, அதுதான் கேவலம். அந்தக் கேவலத்துக்குப் பயந்துதான இன்னைக்கு நீங்களும் வீட்டுக்குச் சொல்லாம ஒளிஞ்சிய?"

குழந்தை தலைவரின் மீசையைப் பார்த்துச் சிரித்தது.

மறுநாள் காலையில் ஜீவானந்தம் ஏணி போட்டு ஏறி, பேனர் கயிற்றைத் தன் கையாலேயே அறுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. காஞ்சிபுரம் போனவர்கள் எல்லாம் திரும்பியிருந்தார்கள். 'ஸ்டேஷன் மீண்ட சிங்கமே' என்று சுபாஷ் ஒரு புதுப் பேனரோடு வந்திருந்தான். தலைவர் மைக்கை வாங்கினார். இந்தத் தடவை சுருக்கமாகத்தான் பேசினார்.

"போலீஸ் பிடிச்சா எகிறாதீங்க, ஓடாதீங்க. இன்னாத்துக்குன்னு கேளுங்க. மொதல்ல வூட்டுக்குச் சொல்லுங்க; வெக்கப்பட்டா ஜெயிலுதான். வக்கீலு கேளுங்க; காசு இல்லன்னா கோர்ட்டே இலவசமா தரும். படிக்காம கையெழுத்து போடாதீங்க. செய்யாதத செஞ்சேன்னு பீத்திக்காதீங்க. நம்ம ஆளு ஒருத்தன் உள்ள இருந்தா, பேரு கெட்டுடும்னு கதவச் சாத்தாதீங்க. நான் சாத்துனேன். சுடலைக்கண்ணு, எல்லார் முன்னாடியும் கேக்குறேன், என்ன மன்னிச்சுடு. இன்னொண்ணு: நான் பகலவன அடிக்கல. தொடக்கூட இல்ல. சாம்பார்ல வழுக்கி அவனே உழுந்தான்."

கடைசி வாக்கியத்துக்குப் பலத்த கைதட்டல். "தலைவருக்கு என்னா பணிவு பாரு!" என்றான் சுபாஷ்.

ஜீவானந்தம் ஸ்டேஷனுக்குப் போய் எஸ்.ஐ.யிடமும் அதையே சொன்னார். எஸ்.ஐ. பகலவனைக் கூப்பிட்டுக் கேட்டார். மாவுக்கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பகலவன் வெகுநேரம் யோசித்தார். அவருக்கும் ஒரு சங்கம் இருந்தது, அதில் அவரும் தலைவர். "சாம்பார்ல வழுக்கி உழுறதுக்கு நான் இன்னா சின்னப் புள்ளையா சார்? அவன்தான் அடிச்சான்" என்றார்.

வழக்கு இன்னும் நடக்கிறது.