நாலு விரல் சந்து

குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறவளை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? கோழியம்மா என்றுதான் அவளுக்குப் பெயர். பொரித்த குஞ்சுகளைப் பெட்டிகளில் அடுக்கி, பிக்கப் வண்டியில் ஏற்றி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பண்ணையில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். பண்ணை நாத்தனாருடையது. நாத்தனார் வாங்கினால்தான் பொரிப்பகம் ஓடும். கைவிரித்துவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

போன தடவை நல்ல மழை. முன்வரிசைப் பெட்டிகள் நனைந்து, குஞ்சுகள் விறைத்துப் போயின. நாத்தனார் சத்தம் போடவில்லை. ஒரு துண்டை எடுத்துவந்து ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் கண்ணே திறக்கவில்லை.

"அடுத்த தடவையும் இப்படி வந்தா நான் வேற இடத்துல சொல்லிடுவேன். தம்பி பொண்டாட்டிங்கறதுக்காக சாகப்போற குஞ்சை வாங்க முடியாதும்மா" என்றாள். அதில் ஒரு சொல்கூட அநியாயமில்லை. கோழியம்மாவுக்கு அதுதான் இன்னும் வலித்தது.

குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே இல்லை. வண்டியின் பின்தொட்டிமேல் ஒரு ஃபைபர் கூண்டு கவிழ்த்திருக்கிறது. கேபினின் பின்சன்னலும் கூண்டின் முன்சன்னலும் நேருக்கு நேர் இருக்கும். இரண்டையும் திறந்துவிட்டால் கேபின் ஹீட்டரின் சூடு குஞ்சுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். போகாது. நடுவில் நாலு விரல் சந்து. சூடு அந்த வழியாக வெளியே போகும், மழை அந்த வழியாக உள்ளே வரும்.

கோழியம்மாவின் புருஷனுக்கு உலகத்தில் பசை போட்டு ஒட்ட முடியாத பொருளே கிடையாது. செருப்பு, குடைக்கம்பு, குழம்புச் சட்டியின் மூடி எல்லாம் அவர் கைபட்டு உயிர் பிழைத்தவை. யாரும் பக்கத்தில் இல்லாதபோது அவரைக் கோந்து என்று கூப்பிடுவாள். அந்தச் சந்து நெடுக சிலிக்கான் பசையைப் பிதுக்கி, காயவிட்டு, ஹோஸில் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தவர் அவர்தான். ஒரு சொட்டு இறங்கவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டார். முறுக்கிய அதே மீசையோடுதான் போன தடவை வண்டியும் ஓட்டினார்.

வந்து பார்த்தால் பசை வாயைப் பிளந்திருந்தது. இன்னும் தடிமனாகப் போட்டார். மறுபடியும் ஹோஸ், மறுபடியும் ஒரு சொட்டு இல்லை, மறுபடியும் மீசை. கோழியம்மா விரல்விட்டு நாள் எண்ணினாள். அடைகாப்பில் இருந்த முட்டைகள் அந்த வாரமே பொரிக்கும். மழை விடட்டும் என்று எந்தக் குஞ்சும் ஓட்டுக்குள் காத்திருக்காது.

"என்னங்க, நான் பின்னால கூண்டுல உக்காந்துக்கறேன். மண்ரோட்டுல மெதுவா ஓட்டுங்க" என்றாள்.

ஒரு கையைக் கேபின் சட்டத்திலும் மறு கையைக் கூண்டின் சட்டத்திலும் வைத்துக்கொண்டாள். வண்டி முதல் பள்ளத்தில் இறங்கியது. இடது கை மேலே போனது, வலது கை கீழே வந்தது. அடுத்த பள்ளத்தில் இரண்டும் விலகின, பிறகு நெருங்கின. அவள் கண்ணெதிரே புதுப் பசை சர்ரென்று கிழிந்தது. கண்ணாடியைத் தட்டி வண்டியை நிறுத்தினாள்.

"கேபின் ஒரு ஆட்டம் ஆடுது, தொட்டி வேற ஆட்டம் ஆடுது. நாம நின்ன வண்டிக்குத் தண்ணி அடிச்சுட்டு ஏமாந்திருக்கோங்க."

அவர் இறங்கிவந்து கிழிசலைத் தடவிப் பார்த்தார். இதைவிடக் கெட்டியான பசை கடையில் இருக்கிறது என்று ஆரம்பித்தார். அவள் காதில் வாங்கவில்லை. அடைக்கோழி முட்டைமேல் ஒட்டிக்கொண்டா இருக்கிறது? புரண்டாலும் நகர்ந்தாலும் இறகு தானாக அமுங்கி, தானாகப் படிந்து மூடிக்கொள்கிறது. சந்துக்கு வேண்டியதும் அதுதான் என்று அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

பஞ்சர் கடையில் கழித்துப்போட்ட லாரி டியூப் ஒன்றை வாங்கிவந்தாள். காற்றில்லாமல் அதைச் சந்துக்குள் நுழைத்து, இரண்டு சன்னல்களையும் சுற்றி வரும்படி விட்டாள். பிறகு புருஷனைப் பார்த்து, "இப்ப உங்க பசையைக் கொண்டாங்க. கூண்டுப் பக்கம் மட்டும் ஒட்டுங்க. கேபின் பக்கம் தொடவே கூடாது" என்றாள். கூப்பிட்டதே போதும் என்று அவர் ஓடிவந்தார். பசை இறுகியதும் பம்பால் பாதிக் காற்று அடித்தாள். டியூப் மெல்ல உப்பி, கேபின்மேல் மெத்தென்று சாய்ந்துகொண்டது. அவர் பின்தொட்டியில் ஏறி நின்று தங்குதங்கென்று குதிக்க, அவள் ஹோஸைத் திருப்பினாள். உள்ளே காய்ந்துதான் இருந்தது. அவர் மீசைப் பக்கம் கையைக் கொண்டுபோய், இவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

பொரித்த அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மலைப்பாதையில் பாதி வழியில் அவளுக்கு மனசு கேட்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, கொட்டுகிற மழையில் டியூப் நெடுக உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். எங்கும் விலகவில்லை. தெப்பலாக நனைந்து ஏறியவளின் முதுகுப் பக்கம், திறந்திருந்த சன்னல் வழியாகக் குஞ்சுகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டே வந்தது.

பண்ணை வாசலில் நாத்தனார் தோளில் துண்டோடு நின்றிருந்தாள். கூண்டின் கதவைத் திறந்து, சரியாக அந்த முன்வரிசைப் பெட்டிக்குள் கையை விட்டாள். நாத்தனாரின் கை உடனே வெளியே வரவில்லை. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி என்று எல்லாவற்றிலும் துழாவியது. குஞ்சுகள் காது கிழியக் கத்தின.

"சுடச்சுட இருக்குதுடா தம்பி" என்றாள் நாத்தனார்.

"நான் பசை மட்டும்தான்கா போட்டேன்" என்றார் கோந்து.

நாத்தனார் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினாள். துடைக்க ஒரு குஞ்சுகூட இல்லை. திரும்பி, வாசலில் சொட்டச் சொட்ட நின்ற கோழியம்மாவின் தலையில் அதைப் போட்டுத் தானே துவட்ட ஆரம்பித்தாள்.

"மொத்த வண்டியிலயும் நனைஞ்சது நீ ஒருத்திதான். அடுத்த தடவை இன்னும் ஒரு வரிசை சேத்து ஏத்திட்டு வா."

துண்டுக்குள்ளிருந்து கோழியம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.